கிலுமாவுக்கு மேலே

குண்டுவீச்சுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது பெரியவர்கள் எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். நானும் பின்வீட்டுச் சிநேகிதியும் சும்மா இருக்கவில்லை, ஒரு மொழி செய்தோம். அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் சைவம். நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி, அதில் குனிந்து போய்வர ஒரு ஓட்டை. பொட்டு என்போம். அந்தப் பொட்டில் குந்தியிருந்துதான் எங்கள் மொழி வளர்ந்தது. அம்மாவுக்கு விளங்காமல் மாங்காய் களவெடுக்க அது நன்றாகவே உதவியது.

பயத்துக்கு ‘லுமா’ என்று பெயர் வைத்தோம். முன்னால் ஒரு ‘கி’ போட்டால் ‘கிலுமா’, அதைவிடக் கூடின பயம். எல்லாவற்றிலும் பெரிய பயத்துக்கு என்ன சொல் என்பதில்தான் சண்டை வந்தது. இன்னொரு ‘கி’ போடுவோம் என்றேன். விடுவாளா?

“சீ, கிகிலுமாவோ? திக்குவாய் கொன்னை தட்டுற மாதிரிக் கிடக்கு. எல்லாத்திலையும் பெரிசுக்குத் தனிச்சொல் வேணுமடி. யோசிச்சு நாளைக்குச் சொல்லுறன்.”

மறுநாள் காலை ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று அவர்கள் தெருவில் ஊர்ந்தது. முஸ்லிம்கள் எல்லோரும் மத்தியானத்துக்குள் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டுமாம். ஆயுதம் வைத்திருந்த தமிழ் இயக்கத்தின் கட்டளை. ஏனென்று கேட்க யாருக்கு நெஞ்சு இருந்தது? ஐயா வாசல் படலைக்குப் போவதும் திரும்புவதுமாக நின்றார். அம்மா புட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு பொட்டடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

அவள் பள்ளிக்கூடச் சட்டைக்கு மேலே பெருநாள் சட்டையையும் போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கையைப் பிடித்து, “கிலுமா” என்றாள்.

“அப்ப மற்றச் சொல்?”

“இன்னும் யோசிக்கேல்லை. வந்து சொல்லுறன்.”

அவளின் தாய், அவள் உம்மா என்று கூப்பிடுபவர், அவளை இழுத்துக்கொண்டு போனார். புட்டுப் பொட்டலம் அம்மாவின் கையிலேயே இருந்தது. அம்மா வேலியைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதார். எனக்கோ பெரிய ஆள் என்ற நினைப்பு.

“அழாதேங்கோ அம்மா. அவளுக்கு ரெண்டாம் பயந்தான். பெரிய பயம் இல்லை.”

அம்மா என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

பிறகு யார் யாரோ வந்து அந்த வீட்டின் கதவையும் கூரை ஓடுகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மழைக்குச் சுவரும் விழுந்தது. ஐயா பொட்டை அடைக்கவில்லை. நான் தினமும் அதில் போய்க் குந்தியிருந்தேன், சொல்லோடு வருவாள் என்று. இன்றுவரை வரவில்லை. உயிரோடு இருக்கிறாளோ, அதுவும் தெரியாது.

பாழாய்ப்போன அந்த மொழியில், கிலுமாவுக்கு மேலே அவள் சொல்வதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.