ஏழாம் நம்பர் சூரை

திருத்தணியில் கோதண்டபாணியை ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்; அது கோதண்டபாணியே. சென்னையில் ஒரு மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் அவனுக்குத் தற்காலிக உதவியாளர் வேலை. காசிமேட்டில் சூரை மீன் வாங்கி, ஈரலில் ஒரு துண்டு அறுத்து, நம்பர் எழுதிய புட்டியில் போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். இதற்குத்தான் அந்த நடை, அந்தச் சட்டைப்பை பேனா.

மனைவி அம்சா பொதட்டூர்பேட்டைக்காரி, அவனுக்கு மாமன் மகள். புருஷனின் பெருமையைத் தறியில் உட்கார்ந்தபடி பாதிக் காதால் கேட்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி வரை விடுப்பில்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். அது கிடைக்க வேண்டுமென்று ஆடிக் கிருத்திகைக்குக் காவடி நேர்ந்து, ஆடி பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டான். மாலை போட்டவன் மீனைத் தொடக்கூடாது. மீனைத் தொடாமல் அந்த வேலையை எப்படிப் பார்ப்பது என்பதை நேர்ந்துகொண்ட பிறகுதான் யோசித்தான்.

அந்த வாரமே அவனுடைய அதிகாரி டாக்டர் மனோரமா, காசிமேட்டில் முப்பது, தூத்துக்குடியில் முப்பது ஈரல் கேட்டாள். இரண்டு ஊர்ச் சூரையும் ஒரே வம்சமா, தனித்தனியா என்று பார்க்க வேண்டும். தனித்தனி என்றால், இங்கே அள்ளித் தீர்த்த இடத்தை அங்கிருந்து மீன் வந்து நிரப்பாது.

கோதண்டபாணி தூத்துக்குடிக்குப் போய்விட்டதாகப் பேர். நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடந்தான்.

“தூத்துக்குடி காத்து எப்படி கீது பாவா?” என்றாள் அம்சா.

“நீ தறியப் பாரு.”

“பாத்துகினுதான் கீறேன். மீனை யாரு அறுத்தது?”

“மீன் வெட்டுற பச்சையப்பன். நான் பத்தடி தள்ளி நின்னுகினு நம்பர் சொன்னேன். ஒரு மீனுக்கு ரெண்டு துண்டு. ஒண்ணு காசிமேடு, ஒண்ணு தூத்துக்குடி.”

“அறுவதா வாங்கறதுக்கு இன்னா?”

“மால போட்டுகினு அறுவது உயிருக்கு நான் பதில் சொல்லணுமா? முப்பதோட போச்சு.”

அம்சா தறியில் ஓடிய நாடாவை நிறுத்தினாள். “எங்க ஊர்லயும் தறியில நீட்டுன ஒரே பாவு நூல்ல நெஞ்சு அறுத்த லுங்கிக்கு ரெண்டு கம்பெனி லேபிள் ஒட்டுவாங்க. ஆனா பாவுல ஒரு இழை கொறஞ்சிருந்தா ரெண்டு துணியிலயும் அதே எடத்துல கோடு உழும். தெரிஞ்சவன் எடுத்துக் காட்டிடுவான்.”

“மீனுக்கு ஏதுடி பாவு?” என்றான் சயின்டிஸ்ட்.

அலுவலகத்தில் ஈரல் சாற்றை மாவுச்சத்துப் பாளத்தில் ஏற்றி, மின்சாரம் பாய்ச்சி, சாயம் ஊற்றினார்கள். ஒவ்வொரு மீனுக்கும் வம்ச அடையாளமாக ஒரு நீலக்கோடு எழுந்தது. காசிமேட்டு ஏழாம் நம்பருக்கு மட்டும் மூன்று. இருநூறு மீனில் மனோரமா அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, சந்தோஷப்பட்டாள். மறுநாள் தூத்துக்குடிப் பாளத்திலும் ஏழாம் நம்பருக்கு மூன்று கோடு. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்று முதல் முப்பது வரை ஒப்பிட்டாள். ஒரு கோடுகூட மாறவில்லை.

“தூத்துக்குடியில எங்க வாங்கினீங்க?”

“கரையிலதாங்க மேடம். மீன் அங்கதானே வரும்.”

“இந்த ஏழாம் நம்பர் ரெண்டு ஊர்லயும் செத்திருக்கு, கோதண்டபாணி.”

“சாமி செயலுங்க மேடம்.”

சாமியின் பெயரைக் கோப்பில் எழுத முடியாது. கோதண்டபாணியின் பெயரை எழுதி, வேலையிலிருந்து நீக்கினார்கள். தூத்துக்குடிக்கு மனோரமாவே ரயிலேறினாள்.

நிரந்தரமாகாத வேலைக்கு நேர்ந்த காவடியை, கிருத்திகையன்று அவன் மலைமேல் தூக்கிப்போனான். இறங்கி வந்து, “உயிரை அறுக்கற பொழப்பு வேணாம்னு நானே உதறிட்டேன்” என்று தெருவெல்லாம் சொன்னான். வீட்டில் அம்சா அவன் முன்னால் ராட்டையையும் நூலையும் நகர்த்தி வைத்தாள். சட்டைப்பையில் பேனாவோடு நூல் சுற்றினான்.

பக்கத்து வீட்டு சேட்டு வாசலில் நின்று, “சயின்டிஸ்ட் கீறாராம்மா?” என்றான்.

“ஆங். எந்த ஊர்ல பாக்கணும்?” என்றாள் அம்சா. “அவரு ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல இருப்பாரு.”