பதினோரு பேரில் நாலாவது

“…அதான் நானும் பாக்கறேன். நான் சொன்ன பொண்ணு இது இல்லியே சார். இது யாரு?” என்றாள் மஞ்சுளா.

அவள் கையில் இருந்த கைபேசி என் மடிக்கணினித் திரைக்கு நேராக நின்றது. நான் ஆங்கிலத்தில் அடித்திருந்ததை அது படம் பிடித்து, செய்தி வாசிக்கும் பெண்குரலில் தமிழாக்கி, அப்போதுதான் சொல்லி முடித்திருந்தது: “என் அனுபவத்தில் நான் கண்ட மிகச் சிறந்த ஓரிருவரில் இவரும் ஒருவர்.” மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன் நான். தி.நகரில் ஒரு மாடி அறையில், என் ஊர்க்காரப் பெண்ணிடம், நான் என்ன எழுதினேன் என்பதை ஒரு கருவி எடுத்துச் சொல்லும்படி ஆகிவிட்டது. நியூஜெர்ஸியில் இத்தனை வருஷத்தில் பலவிதமாக அந்நியனாய் விழித்திருக்கிறேன். சொந்த ஊரில் இப்படி விழித்தது அதுதான் முதல் தடவை.

மஞ்சுளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி முனை வைத்த ஊசியால் ஜரிகையும் மணியும் பதிக்கிற வேலை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் பிறந்தவள். அங்கிருந்த வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியபின், தினமும் இரண்டு பஸ் மாறி தி.நகர் வருகிறாள். “இன்னா சார், நீங்க ஒரு தபா பிளைட்டு ஏறினீங்க. நான் டெய்லி பஸ் ஏறிக்கினு கீறேன். ரெண்டு பேருமே வெளியூருதான்” என்று முதல் நாளே சொன்னாள். நல்ல பேச்சைக் கேட்டால் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிற வழக்கம் எனக்கு. அதையும் போட்டுக்கொண்டேன்.

நியூஜெர்ஸியில் படிக்கிற என் மகள் காவ்யா அந்தச் சட்டத்தின் முன்னால் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம், ஊர்ப்பாசம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். காரணம் கல்லூரி ஆலோசகர். அங்கே அப்படி ஒரு தொழில் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளையை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர். காவ்யாவின் பட்டியலில் பரதநாட்டியம், ரோபாட்டிக்ஸ், கணித ஒலிம்பியாட், மருத்துவமனைத் தொண்டு எல்லாம் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது எல்லா இந்தியப் பிள்ளைகளிடமும் இருக்கிறதே என்றார். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டுமாம். அதற்கு ‘ஸ்பைக்’ என்று பெயர். கூட்டத்தில் ஒரு முள்ளாவது துருத்திக்கொண்டு தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த முள்ளைத் தேடித்தான் போன வருஷமும் இந்த வருஷமும் கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்தோம். வந்த இடத்தில் அவளுக்கு வேலை உண்மையாகவே பிடித்துப்போனது வேறு கதை.

இந்த வருஷம் நியூஜெர்ஸிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஆலோசகர் அனுப்பிய பரிந்துரைப் படிவத்தோடு மஞ்சுளாவிடம் போனேன். மாணவி கண்ணில் படாத பரிந்துரையைத்தான் அங்கே நம்புவார்கள் என்பதால், அதைப் பார்க்கமாட்டேன் என்று காவ்யா கையெழுத்துப் போட்டிருந்தாள். அப்பா பார்க்கக்கூடாது என்று எந்த இடத்திலும் போடவில்லை என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைக் கீழே ஜூஸ் கடைக்கு அனுப்பினேன். மஞ்சுளாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. “நீங்க போடுங்க. ஆனா நான் சொல்றதப் போடுங்க” என்றாள்.

படிவத்தில் ஒரே கேள்வி, பெரிய பெட்டி. நீங்கள் பயிற்றுவித்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவி எப்படி? நல்ல பெண், கெட்டிக்காரி என்று நாலு வார்த்தை சொல்வாள், மீதியை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மஞ்சுளா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு விரல் மடக்க ஆரம்பித்தாள். ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்களே, ஒப்பிட வேண்டாமா? இதுவரை அவளிடம் வேலை பழகிய பெண்கள் பதினோரு பேர். ஒவ்வொருத்தியாக நினைவில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். ஃபர்ஜானா முதல். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் காட்டுகிற நூலை, வெளியே எடுத்துப் போகாமலே சொல்லிவிடுவாளாம். இரண்டாவது கலா. பக்கத்தில் இருப்பவள் தப்பு செய்தாலும் தானே எடுத்துச் சரிசெய்துவிட்டு வாயைத் திறக்கமாட்டாள். இரண்டு பஸ் தூரத்துக்கு வீடு மாறியதும் வருவதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது தீபிகா. இப்போது கொட்டிவாக்கத்தில் சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கிறாள். “என்னாண்டயே ஆர்டர் புடுங்கறா” என்று பெருமையாகச் சிரித்தாள்.

“பாப்பா நாலாவது.”

நான் திரையைப் பார்த்தபடி, ஏன் என்று கேட்டேன்.

“வேல சுத்தம் சார், கொற சொல்ல முடியாது. ஆனா தப்பு வந்தா, யார்னா பாக்கறாங்களான்னு மொதல்ல சுத்திப் பாக்குது. அப்பறந்தான் பிரிக்குது. இங்க யாரு அடிக்கப் போறா? அந்த பயம் போச்சுன்னா மேல வந்துரும். இப்பத்திக்கு நாலு.”

பரிசு கொடுக்கிற முகத்தோடு சொன்னாள். பதினோரு பேரில் நாலாவது இடம், அதுவும் இரண்டு கோடையில். எனக்கு அந்த நாலு மட்டும்தான் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பயிற்சி மையத்தின் பலகை. ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் தபால்தலை மாதிரி வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் ஒரு எண். அதன் நிழலில் காவ்யா நின்று, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல், மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணோடு எனக்குப் பழைய பகை. பொறியியல் நுழைவுத் தேர்வில் அரை மார்க்கில் இடத்தைத் தவறவிட்டவன் நான். அந்த அரை மார்க் எனக்குத் தெரியுமுன் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் மனைவி குழாயடியில் அம்மாவிடம், “எதிராத்துப் பையனுக்குக் கிடைச்சுடுத்தாமே? உங்காத்துல அரை மார்க்ல போச்சுன்னு பேசிண்டா” என்றார். அதன்பின் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. பழைய கணினிகளைப் பிரித்துப் போட்டு நானாகவே கற்றுக்கொண்டேன். அந்தக் கைவேலைதான் கடைசியில் கடல் தாண்டிக் கொண்டுபோனது. எண்ணே இல்லாத நாடு என்று ஆரம்பத்தில் அமெரிக்காவைக் கொண்டாடினேன். அங்கே பிள்ளைகளுக்கு ரேங்க் சொல்லமாட்டார்கள். எல்லோரும் அற்புதம், எல்லோரும் அபாரம். காவ்யா எட்டாவது படிக்கும்போது, மேதைப் பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சேர்ப்பதற்காக ஆசிரியை கூப்பிட்டுப் பேசினார். வீட்டில் எப்படி என்றார். நம் வழக்கப்படி அடக்கமாக, பரவாயில்லை, ஏதோ படிக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன். குழந்தை வீட்டில் சந்தோஷமாக இருக்கிறாளா, ஏதாவது பிரச்சினையா என்று கவலையோடு விசாரித்தார்கள். அன்றிலிருந்து நானும் அற்புதம், அபாரம் பழகினேன். பழகியபிறகுதான் புரிந்தது, அங்கேயும் வரிசை உண்டு. அது அடைமொழிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. உச்சத்து வார்த்தைக்கு ஒரு படி குறைந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று ஆலோசகர் எச்சரித்திருந்தார். இங்கே அரை மார்க் என்றால், அங்கே அரை வார்த்தை. காவ்யாவின் நகங்கள் கடிபட்டுச் சதையோடு ஒட்டிப்போனதும் அந்த எட்டாவது வகுப்பில்தான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்க்கிற பழக்கத்தை அவள் யாரிடம் கற்றாள் என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

அங்கே இருக்கும் பெற்றோர்களே, இங்கே இருக்கும் சொந்தங்களே, நான் என்ன அடித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபர்ஜானாவும் கலாவும் தீபிகாவும் அந்தப் பெட்டிக்குள் வரவில்லை. நாலும் வரவில்லை. படித்துக் காட்டுங்கள் என்றாள் மஞ்சுளா. திரையைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே தமிழில் ஒப்பித்தேன். நாலாவது என்றும் சொன்னேன். அவளுக்கு ஏதோ இடித்திருக்க வேண்டும். அவ்வளவு நீளமாகச் சொன்னது இரண்டே வரியில் எப்படி அடங்கும்? “இருங்க சார்” என்று கைபேசியை எடுத்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் அனுப்புகிற அளவுகளை அவள் தினமும் அப்படித்தான் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

கருவி வாசித்து முடித்ததும்தான் இது யாரு என்று கேட்டாள். என் மகள்தான் என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டேன். பிறகு, அங்கே எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். “எல்லாரும் எழுதினா எத்த வச்சி அவங்க பொண்ண எடுப்பாங்க?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மாடிப்படியில் காவ்யாவின் செருப்புச் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது.

மஞ்சுளா கைபேசியை மடியில் வைத்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, எந்தப் பொத்தான் அழிக்கும் என்று ஒரு விநாடி தேடினாள். கண்டுபிடித்ததும், பெட்டி வெறுமையாகும்வரை விரலை எடுக்காமல் அழுத்தினாள். பிறகு அதை என் பக்கம் தள்ளி, முக்காலியை இழுத்துப் போட்டு என் தோளருகே உட்கார்ந்து, கைபேசியைத் திரைக்கு மேலே பிடித்தபடி, நான் அடிப்பதற்காகக் காத்திருந்தாள்.