காட்டுறதுக்குப் போட்ட டிக்கெட்

இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஓர் ஆவணி மாதம், கட்டுநாயக்க விமான நிலையத்தில் நடந்ததிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். எங்களுக்கு ஒரே பையன். ஆஸ்திரேலியாவில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. மருமகளுக்குப் புரட்டாசியில் பிரசவம் என்றதும், "ரெண்டு பேரும் வாங்க" என்று எங்களுக்கு மூன்று வருஷ விசாவுக்கு எழுதிப் போட்டான். எனக்குக் கிடைத்துவிட்டது. அவருக்குக் கிடைக்கவில்லை. சின்ன வயதில் வந்து குணமான காச நோயின் வடு நெஞ்சுப் படத்தில் தெரிந்ததாம். சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும், மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

அவர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "நீங்க பரீட்சை பாஸாகிட்டீங்க டீச்சரம்மா. என் சளி இன்னும் பாஸாகல. நீங்க முன்னுக்குப் போங்க, நான் பின்னுக்கு வாரேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலிக்கு டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். கேலி பண்ணும்போது நீங்க, வாங்க. மனசு சரியில்லாதபோது மட்டும்தான் நீ, வா.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் "போறேன்" என்று சொல்ல மாட்டோம். கடைக்குப் போனாலும் "போயிட்டு வாரேன்"தான். அன்றைக்கு விமான நிலைய வாசலிலும் அதையே சொன்னேன். "வாங்க வாங்க. வாரதுதான் முக்கியம்" என்றார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்குள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். கவுண்டரில் ஒரு சிங்களப் பிள்ளை. மரியாதையான பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது. பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், விசாவைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்புறம், "ஆபஹு என டிக்கட் எக்க கோ அம்மே?" என்று கேட்டாள். திரும்பி வருகிற டிக்கெட் எங்கே என்கிறாள்.

திரும்பி வருகிற டிக்கெட்டா? மூன்று வருஷ விசா கையில் இருக்கும்போது அது எதற்கு? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விசா கொடுத்த நாட்டுக்காரனுக்கே இல்லாத சந்தேகம் உங்களுக்கு ஏன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுவிட்டேன். அவள் பொறுமையாக விளக்கினாள். விசா எத்தனை வருஷத்துக்கு இருந்தாலும் ஒரே மூச்சில் அங்கே தங்க முடியாது, நடுவில் வெளியே வர வேண்டும், வருவீர்கள் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற முடியாது என்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.  கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டி, "அர இன்னே மகே டிக்கட் எக்க" என்றேன். அந்தா நிக்கிறாரே, அவர்தான் என் டிக்கெட்.

பக்கத்துக் கவுண்டரில் இருந்த பையன் கொல்லென்று சிரித்துவிட்டான். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். அந்த மாத்தயாவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாதே அம்மே என்றாள்.

பையனுக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்கம்மா, அவங்க அப்பிடித்தான் கேப்பாங்க. இப்பவே போட்டு அனுப்புறேன். எந்தத் தேதிக்குப் போட?" என்றான். நான் யோசிக்கவே இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் என்றேன். கொஞ்ச நேரத்தில் போனுக்கு டிக்கெட் வந்தது. அந்தப் பிள்ளையே அதைத் தாளில் அடித்துத் தந்தாள்.

நான் அந்தத் தாளைத் தலைக்கு மேல் தூக்கி அவருக்குக் காட்டினேன். மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சின்னதாகிப் போனது. நான் சிரித்துத் தலையாட்டிய பிறகுதான் உயிர் வந்தது. கோயிலில் தேர் வரும்போது கும்பிடுவது போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். உயிரோடு அவரை நேரில் நான் பார்த்தது அதுதான் கடைசி.

அங்கே போய்ச் சேர்ந்தேன். நுவரெலியாக் குளிருக்கு வாங்கின ஸ்வெட்டர் அங்கேயும் பொருந்தியது. புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். குளிப்பாட்டுவது, வசம்பு சுட்டுத் தேய்ப்பது, தூங்க வைப்பது எல்லாம் நான்தான். பையனும் மருமகளும் என்னைத் தாங்கினார்கள். குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் போன் சரியாக எடுக்காது. மேலே ரோடு வளைகிற முடக்குக்குப் போனால்தான் சிக்னல் வரும். அதனால் அவர் பின்னேரத்தில் ஏறிப் போய் அங்கே நின்று பேசுவார். அந்த நேரத்துக்குத்தான் எங்கள் மலையில் மிஸ்டும் இறங்கும், மழையும் தூறும். வீடியோ போட்டால் அவருடைய நெற்றியும் குடைக் கம்பியும்தான் எனக்குத் தெரியும். "ஃபோனைக் கொஞ்சம் எறக்கிப் பிடிங்க" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன். பேத்தியைப் பார்த்து நாலு கொஞ்சல் கொஞ்சிவிட்டு, வைக்கும் முன் ஒரே கேள்வி கேட்பார். "டிக்கெட்டு பத்திரமா இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப சரி. பொங்கலுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன். வேனுக்கும் சொல்லிட்டேன்."

அந்தத் தாளை நான் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். நத்தார், கிறிஸ்துமஸ் பண்டிகை, நெருங்கியதும் பெட்டியை இறக்கி அடுக்கத் தொடங்கினேன். அவருக்கு ஒரு தடித்த ஜாக்கெட், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொக்லேட். மருமகள் அதைப் பார்த்துவிட்டுப் பையனைப் பார்த்தாள். பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, அந்த டிக்கெட்டு இப்ப இல்லம்மா. அது சும்மா கவுண்டர்ல காட்டுறதுக்குப் போட்டது. நீங்க வந்து எறங்குன அடுத்த நாளே கேன்சல் பண்ணிட்டேன்."

நான் தாளை எடுத்து விரித்துப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, தேதி இருந்தது, ஸீட் கூட இருந்தது. "இந்தா இருக்கேடா" என்றேன். "பேப்பர் இருக்கும்மா, டிக்கெட்டு இல்ல. எல்லாரும் அப்பிடித்தாம்மா செய்றாங்க" என்றான்.

எல்லாரும் செய்வார்களாம். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தக் கணக்கு விளங்கவே இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எப்படியாவது ஒரு டிக்கெட் போடு என்றேன். அவனும் தேடாமல் இல்லை. அங்கே அது பள்ளிக்கூட லீவு காலம், எல்லா விமானமும் நிறைந்திருந்தது. இருந்த ஒன்றிரண்டும் மூன்று மடங்கு விலை. மருமகள் புது வருஷத்தோடு வேலைக்குத் திரும்ப வேண்டும். "மாசி பொறக்கட்டும்மா, நானே கூட்டிக்கிட்டுப் போறேன். அப்பாவோட சளி டெஸ்டும் சரியா வந்துருச்சு. அவருக்கும் விசா வந்தா ரெண்டு பேரும் சேந்தே இங்க வந்துறலாம்" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அடுக்கின பெட்டியைத் திரும்பவும் மேலே ஏற்றி வைத்தேன்.

அன்று பின்னேரம் அவர் பேசியபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன். "என்னங்க, அந்த டிக்கெட்டு இல்லையாம். காட்டுறதுக்குத்தான் போட்டானாம்."

 அவர் சிரித்தார். "அதுக்கென்ன டீச்சரம்மா? பேப்பருதானே போயிருச்சு. ஒறிஜினல் டிக்கெட்டு இந்தா ரோட்டு முடக்குல மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்குது."

கவுண்டரில் நான் சொன்னதை நானே அவரிடம் சொல்லிச் சிரித்திருந்தேன். அதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போனை வைக்கப் போகிற நேரத்தில், கேலி இல்லாமல், ஒரு மாதிரிக் குரலில் கேட்டார்.

"அப்ப பொங்கலுக்கு நீ வரமாட்டியா?"

மாசியில் வாரேங்க என்றேன். "சரி, சரி. பாப்பாவப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அந்த "நீ" என் காதை விட்டுப் போகவே இல்லை.

பொங்கலன்று பேசும்போது இருமினார். என்னங்க இது என்றால், "பனிக்காலத்துல இருமாம பாட்டா படிப்பாங்க?" என்றார். டொக்டரிடம் போங்க, மேலே ஏறி வராதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முடக்குக்கு வரும்போது நான் அவர்களிடம் விஷயம் கேட்டுக்கொள்கிறேன் என்று திட்டினேன். கேட்டால்தானே! மறுநாளும் முடக்கில்தான் நின்றார்.

அடுத்த கிழமை இரண்டு நாள் அவரிடமிருந்து போன் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். "டீச்சர்" என்றாள். அழுதுகொண்டேதான் மிச்சத்தைச் சொன்னாள். நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறி, லயத்துப் பையன்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஒரு ராத்திரிதான் இருந்தாராம்.

பொங்கலுக்குக் கிடைக்காத டிக்கெட், சாவுக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. எனக்கும் பையனுக்கும். கைக்குழந்தைக்காரி என்று மருமகளை விட்டுவிட்டு வந்தோம். அங்கே கவுண்டரில் என்னிடம் யாரும் திரும்பி வரும் டிக்கெட் கேட்கவில்லை. சொந்த ஊருக்குப் போகிறவளிடம் அதைக் கேட்க மாட்டார்களாம்.

கட்டுநாயக்கவில் இறங்கி வெளியே வந்தபோது அவர் சொல்லி வைத்திருந்த அதே வேன் நின்றது. டிரைவர் என் பெட்டியை வாங்கிப் பின்னால் ஏற்றினான்.

வீடு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவரை வைத்திருந்தார்கள். நான் கொண்டுவந்த ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு குசினிக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பொங்கல் பானை, மஞ்சள் கொத்துக் கட்டுவதற்கு நூல்கூடச் சுற்றி, கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பின்னால் வந்து நின்றாள்.

"ஏலாத ஒடம்போட டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்தாரு டீச்சர். பொங்கலுக்கு நாங்க சோறு கொண்டாந்து குடுத்தா, இது சும்மா ருசி பாக்கத்தான், எங்க வீட்டுப் பொங்கல் டீச்சரம்மா வந்தப்புறம்தான்னு சொன்னாரு" என்றாள்.

அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். பையன் ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்தான். "நான் கேன்சல் பண்ணாம இருந்திருந்தா" என்று அழுதான். அவன் தலையைத் தடவினேன். அவன் கெட்டவன் இல்லை. அப்பாவையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்த பிள்ளைதான். ஆனால் எனக்குக் கோபம் இல்லை என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அது முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

என் விசாவில் இன்னும் வருஷம் இருந்தது. போன புரட்டாசியில் பேத்திக்கு முதல் பிறந்தநாள். வாங்கம்மா, வாங்கம்மா என்று பையன் கெஞ்சினான். டிக்கெட்டும் அனுப்பினான், போக ஒன்று, வர ஒன்று. "இந்தத் தடவை கேன்சலே பண்ண முடியாத டிக்கெட்டாப் பாத்துப் போட்டிருக்கேம்மா" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. எனக்கு விளங்கியது. சரி, வாரேன் என்றேன்.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டியை வெளியே வைத்துக் கதவைப் பூட்டினேன். பழக்கத்தில் "போயிட்டு வாரேங்க" என்று வாய் சொல்லிவிட்டது. வேன் டிரைவர் கேட்காதது போலத் திரும்பிக்கொண்டான்.

கவுண்டரில் இந்த முறை வேறொரு பிள்ளை. அதே கேள்வி. தாளை எடுத்துக் கொடுத்தேன். "ஹரி அம்மே", சரி அம்மா என்று சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தாள். என்னை அறியாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். யார் யாரோ யார் யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பி வருவேனா என்பதற்கு இத்தனை அத்தாட்சி கேட்கிறார்களே, திரும்பி வந்தால் கதவைத் திறந்துவிட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் எந்தக் கவுண்டரிலும் யாரும் கேட்பதில்லை.