அக்கா அடுக்கிய இழுப்பறைகள்

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அக்காவை அவருடைய பெரிய குரலுக்காகவும், கல்யாணப் பந்திகளில் எந்த இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பதற்காகவும் நினைவில் வைத்திருப்பீர்கள். உடன்பிறந்த ஒரே தம்பி என்பதால், வெளியே அதிகம் தெரியாத ஒரு காரியத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

அக்கா பிறந்தது சிதம்பரத்தில். அப்பா சேத்தியாத்தோப்பில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அக்கா பள்ளிப்படிப்பை முடித்த வருடமே அப்பா காலமானார். மேலே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அதை மடித்து வைத்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். நான் படித்து முடித்து ஒரு வேலையில் உட்காரும்வரை தன் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. முப்பத்தொரு வயதில்தான் மாமாவைக் கைப்பிடித்தார்.

மாமா கடலூரில் படகு எஞ்சின் மெக்கானிக். தேவனாம்பட்டினம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா வேலையை விடவில்லை. தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து, சாயங்காலம் திரும்புவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போய்விடுவேன். மீன் குழம்பும், சாப்பிட்ட பிறகு அவர்கள் இருவரும் எதற்காவது போடும் சண்டையுமாக அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மழைக்காலத்தில் வலது கண்ணில் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. இடது கண்ணில் உருவம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. போல்ட்டைத் திருகும் சாக்கெட்டுகளின் மேல் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும் எண்களை அவரால் படிக்க முடியாமல் போயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பன்னிரண்டாம் எண் போல்ட்டில் பதிமூன்றாம் எண் சாக்கெட்டைப் போட்டு அழுத்தித் திருகியதில், போல்ட்டின் தலை மழுங்கி எஞ்சினிலேயே சிக்கிக்கொண்டது. விடிந்தால் கடலுக்குப் போக வேண்டிய படகு அது. படகுக்காரர் கோபப்படவில்லை.

“மாமா, நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க. எஞ்சின நான் முதுநகர்ல வேற மெக்கானிக்கிட்ட காட்டிக்கிறேன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்.

அவர் திட்டியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். அன்று பட்டறையைப் பூட்டியவர் இரண்டு மாதம் திறக்கவில்லை. காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது வந்தால் உள்ளே போய்விடுவார்.

பட்டறையில் ஏழு இழுப்பறைகள் கொண்ட ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. ஒவ்வோர் இழுப்பறையும் நாலு விரல் ஆழம்தான். கண் நன்றாக இருந்த காலத்தில் மாமா அவற்றில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார். ஸ்பேனர் நிமிர்ந்து நின்று இழுப்பறையைத் திறக்க விடாது. உதைத்துத் திறப்பார். அந்தப் பெட்டியை அக்கா என்னை வைத்து வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் எடைக்கற்கள் வைக்கும் மரப்பெட்டி ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் அதன் பருமனுக்கு ஒரு குழி. பெரிய கல் சின்னக் குழியில் இறங்காது. ஒரு கல் குறைந்தால் பெட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். அக்கா அதைத்தான் செய்யப் பார்த்தார். செருப்புக் கடையிலிருந்து கனமான ரப்பர் ஷீட் வாங்கிவந்து, ஒவ்வொரு சாக்கெட்டையும் கவிழ்த்து வைத்துப் பேனாவால் வட்டம் போட்டு, பிளேடால் குழி வெட்டினார். விரலெல்லாம் பிளாஸ்திரி. முதல் இழுப்பறையில் எட்டு முதல் பத்தொன்பது வரை, இரண்டாவதில் அதற்கு மேல், மூன்றாவதில் ரிங் ஸ்பேனர்கள், நாலாவதில் திருப்புளிகளும் கட்டிங் பிளேயரும் என்று எல்லாம் ஒரே அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வைத்தார்.

முடித்துவிட்டு மாமாவை அழைத்து, அவர் கையைப் பிடித்து இழுப்பறைமேல் வைத்தார். மாமாவின் முகம் மாறிவிட்டது.

“குருடன் கடைன்னு ஒரு போர்டும் எழுதி மாட்டிடு” என்றார். இழுப்பறையை வெளியே உருவித் தரையில் கவிழ்த்தார். சாக்கெட்டுகள் கட்டிலுக்கு அடியிலெல்லாம் உருண்டு போயின.

நானும் அக்காவும் முட்டி போட்டுப் பொறுக்கினோம். அக்கா அழுகிறாரோ என்று நான் முகத்தைப் பார்த்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அக்கா முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த இழுப்பறையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். விரலால் தடவி ஒன்றை எடுப்பார், “பதிமூணு” என்பார், கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். பதினாலாக இருக்கும். தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி கட்டிக்கொள்வார். தினமும் இதைச் செய்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அக்காவின் கை தடுமாறுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“பதிமூணையும் பதினாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாருக்குமே தெரியாது. அது ரெண்டும் கையில ஒண்ணாத்தான் இருக்கும். தள்ளி வை” என்றார்.

அக்கா கட்டை அவிழ்க்கவில்லை. “எங்க தள்ளி வைக்கிறது? நீங்களே வந்து காட்டுங்க.”

மாமா வந்து உட்கார்ந்தார். “இப்பிடி வரிசையா அடுக்குறது கடைக்காரனுக்கு. எனக்குப் பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினேழு, இதுங்கதான் ஜாஸ்தி வேலை. இதெல்லாம் முன்னாடி வரணும். சாக்கெட்ட மாட்டித் திருகுற ராட்செட் வலது பக்கம் இருக்கணும், இடது பக்கம் வச்சிருக்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? விரலு பூரா வெட்டிக்கிட்டேன்.”

“நீ கேட்டியா?”

அன்று மத்தியானம் சாப்பாடு நாலு மணிக்குத்தான் நடந்தது. இருவரும் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டு நான் ரப்பர் வெட்டினேன்.

அடுத்த மாதம் பட்டறை திறந்தது. முதலில் சின்ன வேலைகள்தான் வந்தன. பிறகு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லுகிறார் என்று தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். மாமா ஒன்பது வருடமாக அந்த இழுப்பறைகளை வைத்துத்தான் வேலை செய்கிறார்.

இதில் நான் செய்த தவறு ஒன்றையும் எழுத வேண்டும். என் வண்டிக்காகப் பதினாலாம் எண் சாக்கெட்டைச் சொல்லாமல் சிதம்பரத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கடலூர் வீட்டிலிருந்து என் அலுவலகத்துக்கு அக்காவின் போன்.

“குழி காலியா இருக்குதுன்னு மாமா சொல்றாரு. நீதானே எடுத்த? எந்த பஸ்ஸு வருதோ அதப் புடிச்சு வா.”

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சட்டைப் பையில் சாக்கெட்டோடு கடலூர் போய் இறங்கினேன். அக்கா பஸ் நிலையத்திலேயே நின்றிருந்தார். கையை நீட்டி வாங்கினார், திரும்பிப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அக்காவின் நோய் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. புதுச்சேரியில் ஐந்து மாதம் சிகிச்சை நடந்தது. வலியைப் பற்றிக் கேட்டால், “பரவால்ல” என்பார். மாமாவைப் பற்றிக் கேட்காமலே பேசுவார். கடைசி வாரத்தில் என்னிடம், “அவுங்க சட்டைக்குப் பட்டன் மாத்திப் போட்டுக்கிட்டு வருவாங்க. எல்லாரு முன்னாடியும் சொல்லாத. தனியா கூப்புட்டுச் சொல்லு” என்றார். ஒரு வியாழக்கிழமை காலையில், மாமாவின் கை அக்காவின் நெற்றியில் இருக்கும்போதே அவர் மூச்சு நின்றது.

சிகிச்சைக் காலத்தில் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ரத்தம் கொடுத்த பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கன்று கடலுக்குப் போகாமல் வந்து நின்ற தேவனாம்பட்டினத்து மக்களுக்கும், தினமும் மாமாவைப் பட்டறையில் இறக்கிவிடும் ஆட்டோக்காரத் தம்பிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை மாமாவிடம் படித்துக் காட்டினேன். முதலில், “அக்கா எல்லோரிடமும் பொறுமையாக இருந்தார்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அத எடுத்துடு மச்சான். எங்கிட்ட தெனமும் கோவப்பட்டா. பொய் எழுதாத.”

எடுத்துவிட்டேன். மீதியைப் படித்து முடித்தபோது மாமா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிடிக்கவில்லையோ என்று காகிதத்தை மடிக்கப் போனேன்.

“மடிக்காத” என்றார். “மொதல்லேருந்து இன்னொரு தடவ படி.”