அம்மா சொல்லாமல் விட்ட மாத்திரை

சிறியாநங்கைப் பொடி நாக்கில் பட்டால் அரை மணி நேரத்துக்கு வெல்லம்கூட இனிக்காது. அந்தப் பொடிதான் பச்சை டப்பாவுக்குள் புகுந்து, 'சூரணம்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு வந்தது. சர்க்கரை நோய்க்கு மருந்தாம். உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓயாத விளம்பரம். "தூத்துக்குடியே சாப்பிடுது, நீங்க?" என்று ஒரு குரல் கேட்கும், 'இன்னும் மூன்று நாள் மட்டுமே' என்று கீழே எழுத்து ஓடும். அந்த மூன்று நாள் மூன்று மாதம் ஓடியது. வெள்ளைக் கோட்டோடு வந்து டப்பாவைத் தூக்கிக் காட்டியவர் டாக்டர் இல்லை, அவர்களுடைய வேன் டிரைவர் என்பது, வேன் எங்கள் வாசலில் நின்ற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கோட்டு போதும்.

வேன் அம்மாவைத் தேடி வந்திருந்தது. அம்மா நாசரேத்தில் படித்த டீச்சர். அவளுக்கும் சர்க்கரை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து 'சாட்சி' சொன்னால் கைக்குழந்தைகூட அழாது. சாட்சிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர்ந்ததைச் சொல்லும்போது ஆஸ்பத்திரியையும் மாத்திரையையும் யாரும் சொல்வதில்லை, மகிமை முழுவதும் கர்த்தருக்கே. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும் என்பதால் யாரும் ஏமாறுவதில்லை.

"சபையில சொல்லுத மாதிரியே சொல்லுங்க டீச்சர், அது போதும்" என்றார் காமிராக்காரர். அம்மாவும் அப்படியே சொன்னாள். காலையும் மாலையும் ஒரு கரண்டி சூரணம், ஒரே மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றாள். கூடவே தினமும் தவறாமல் விழுங்கிய மாத்திரையைப் பழக்கதோஷத்தில் சொல்லாமல் விட்டுவிட்டாள். நானோ புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, படத்தில் விழுவேனா என்ற ஒரே கவலையோடு பக்கத்தில் நின்றேன்.

பின்வீட்டுச் செல்லக்கனி அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. உப்பளத்து வேலைக்குப் போகிறவள், எங்கள் வீட்டில்தான் டி.வி. பார்ப்பாள். அவளுக்கும் சர்க்கரை. "ஏளா, ஒங்கம்மை பொய்யா சொல்லுவாவ?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே, பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகளை அடுப்பில் போட்டாள். எங்கள் சமையலறை ஜன்னலில் அம்மாவின் மாத்திரை டப்பா இருப்பது எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. டி.வி.யில் வருகிற அம்மாவின் பெருமையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அத்தையின் காலில் உப்புக்கல் கீறிய புண் ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போன அம்மாவிடம் அத்தை, "ஒங்களுக்குக் கேட்ட மருந்து எனக்கு ஏன் டீச்சர் கேக்கல?" என்றாள். அம்மா அழுதுகொண்டே மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதையும் சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அன்று சாயங்காலமும் டி.வி.யில் அம்மா சிரித்தபடி சூரணத்தைப் புகழ்ந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை சபையில் சாட்சி சொல்ல எழுந்ததே இல்லை. அத்தையும் இல்லை, அந்த வேனும் இல்லை, கேபிள்காரரும் கடையை மூடிவிட்டார். விளம்பரம் மட்டும் என் செல்போனுக்குள் குடியேறியிருக்கிறது. மூன்று நாள் இப்போது மூன்று மணி நேரமாகிவிட்டது. யாரோ ஒரு டீச்சரம்மா அதில் கண் கலங்கித் தன் நோய் தீர்ந்த கதையைச் சொல்கிறாள். அவள் சமையலறை ஜன்னலில் என்ன டப்பா இருக்கிறது என்பது அவள் மகளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் புதுப் பாவாடையோடு நின்றுகொண்டிருப்பாள்.