காளான் தண்ணீரும் கடைவாய்ப் பல்லும்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் பல் பிடுங்கக் காத்திருந்தேன். இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவன் நான். போதாததற்கு, நூறு வயது வாழலாமென்று சீனக் கடையில் லிங்ஷிக் காளான் வாங்கி ஒரு மாதமாக அவித்துக் குடித்தேன். அதுவும் இரத்தத்தை இளக்கக்கூடும் என்று அன்று காலைதான் வாசித்தேன். பல்லைப் பிடுங்கினால் இரத்தம் நிற்குமா? ஆனாலும் படிவத்தில் ‘வேறு மருந்துகள் இல்லை’ என்றே எழுதினேன். நாலு புத்தகம் படித்தவன் காளானை நம்பினேன் என்று ஜெர்மன் டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

“காளானை எழுதினனீங்களோ?” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

“அது மருந்தில்லையப்பா, தேத்தண்ணி.”

“தேத்தண்ணியை ஆராவது மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பினமோ?”

உள்ளே அழைத்தார்கள். படிவத்தைத் திரும்ப வாங்கிக் காளானை எழுதினேன். டொக்டர் வாசித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். அன்று பல்லும் நானும் சேர்ந்தே வீடு திரும்பினோம்.