மணிக்கட்டில் ஒரு ஸ்டிக்கர்

புது பனியன் கட்டைப் பிரித்ததும் அதன் மேலிருக்கும் சைஸ் ஸ்டிக்கரை உரித்து இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வாள் முத்துப்பேச்சி. இன்று காலை 'எம்'. லேபிளை எடுக்கும்போது ஒரு தடவை கையைப் பார்ப்பாள், பனியன் கழுத்தில் வைக்கும்போது ஒரு தடவை. பார்த்த கண் மிஷினுக்குத் திரும்புவதற்குள் மறந்துபோகும். மறுபடி பார்ப்பாள். "என்னக்கா, வாட்ச்ல மணி எத்தன?" என்று பக்கத்து மிஷின் நதியா சீண்டுவாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக லேபிள் தைக்கிறாள். முன்பெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டே தைத்தாலும் ஒரு தையல் கோணாது. எட்டு மாதத்துக்கு முன் அவளுக்கு இரண்டாம் தடவையாகக் கொரோனா வந்தது. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் ரசம் சாதம், ஆறாம் நாள் மிஷின்.

காய்ச்சல்தான் போனது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, தலைக்குள் பஞ்சு அடைத்தது போலிருக்கிறது. வீட்டுக்காரன் காசிமாயன் தைராய்டு என்றான். எதிர்வீட்டு அனுப்பிரியா ரத்தம் பத்தவில்லை என்றாள். பீட்ரூட்டாகத் தின்று பார்த்தாள்; நாக்குதான் சிவந்தது.

போன வாரம் அந்த ஸ்டிக்கரே அவளைக் கவிழ்த்துவிட்டது. பழைய 'எல்'லை உரிக்க மறந்து, கை சொன்னபடியே ஒரு எம் கட்டு முழுவதற்கும் எல் லேபிள் வைத்துத் தைத்துவிட்டாள். முதலாளி தரணீதரன் சத்தம் போடவில்லை. "ஏனுங்க்கா, நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படீங்க? இன்னொருக்கா ஆச்சுன்னா மிஷின உட்டுட்டுப் பிசிர் நூல் வெட்டப் போயிருங்க" என்றார். அந்த மரியாதைதான் அவளுக்கு வலித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். எதிலும் குறையில்லை. "கொரோனா வந்துட்டுப் போன சில பேருக்கு இப்படி மாசக்கணக்கா இருக்கும்மா. இது சோம்பேறித்தனம் இல்ல. அசதி வர்றதுக்கு முன்னாடியே வேலைய நிறுத்தி ஓய்வெடுங்க. மறுபடி தொத்தாமப் பாத்துக்கங்க. பக்கத்துல யாராவது இருமுனா மாஸ்க் போடுங்க, விட்டுப்போன ஊசியையும் போட்டுக்கங்க."

"அசந்தாத்தேன தாயி நிறுத்துவாக? அசராமயே எப்படி நிறுத்த? அந்த ஊசி போன கொரோனாவுக்கா, வரப்போறதுக்கா?"

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். பஸ் ஸ்டாப் வருவதற்குள் பாதி மறந்துவிட்டது. 'சோம்பேறித்தனம் இல்ல' என்பது மட்டும் நின்றது. அதை நினைத்து பஸ்ஸில் அழுதாள், ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே.

வெட்டு வேஸ்ட் துணியில் தானே ஒரு மாஸ்க் தைத்துக்கொண்டாள். ஓய்வு விஷயத்தை முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "டாக்டர் சொன்னா எடுத்துக்கங்க. லேபிள் மாறாம இருந்தாச் சரீங்க" என்றார் அவர்.

இன்று பதினோரு மணிக்கு, ஓய்வுக்கென்று போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது. அவளுக்குக் கொஞ்சமும் அசதியில்லை. பாதிக் கட்டு இன்னும் தைக்கப் பாக்கி. இப்போது நிறுத்துவதா, அசந்த பிறகா? சுற்றும் முற்றும் பார்த்தாள். எதையோ திருடியவள் மாதிரி மோட்டாரை அணைத்தாள். மணிக்கட்டிலிருந்த எம் எங்கும் போய்விடக் கூடாதென்று வலது உள்ளங்கையால் அதை இறுக மூடிக்கொண்டாள். பெடலை விட்டு எடுத்து வைத்த கால் மட்டும் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.